உம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக்கிடந்த இருபது நிமிடமும்
பேருந்துக்குள் மடிக்கணினியைத் திறந்து லாக் படித்தேன்.
கடைசி வரி விடிகாலை 4:12.
அதற்கப்புறம் கார்டு பேசவில்லை.

ஆலை பாமணி ஆற்றுக்கு இந்தப் பக்கம்.
சாக்குகளின் மேல் சாக்பீஸில் ஈரப்பதம்: 17, 17, 19.
அரிசியில் கறுப்பு பொறுக்கும் இயந்திரத்தின் கேமரா கார்டை
மெய்நிகர் இயந்திரம் ஒன்றுக்கே விட்டுக்கொடுத்திருந்தோம்,
குத்தகை மாதிரி.
பட்டா ஒருவன் பெயரில், உழுகிறவன் வேறொருவன்.

கார்டு கம்பியைத் தூக்கிப் பிடித்தால்
முதலில் காதில் விழுவது வீட்டுக்காரனுக்கு.
அவனுக்குக் கார்டின் பாஷை தெரியாது.
கம்பியை மூடிவிட்டு உள்ளே குரல் கொடுப்பான்:
உனக்குத்தான்.
உள்ளிருப்பவன் போய்ப் பார்த்து, வாங்கி வைத்து,
உம் என்பான்.
அந்த உம் வந்தால்தான் கம்பி திறக்கும்.
கதை சொல்வதற்கும் இதே ஏற்பாடுதான்,
உம் கொட்ட ஆளிருக்கும் வரை நகரும்.

4:12க்குக் கதை நின்றிருந்தது.

இருதயமேரி அந்நேரத்திலிருந்து சல்லடைத் தட்டில்
கையாலேயே கறுப்பு பொறுக்கியிருக்கிறார்.
மூணு மூட்டை, என்றார் என்னைப் பார்க்காமல்.

மூடாமலே விட்டால் என்ன?
எனக்கு முதலில் தோன்றியது இந்த முட்டாள்தனம்.
விட்டேன்.
ஒரே கூப்பாடு, ஒரு லட்சம் தரம்,
உள்ளிருப்பவன் எழுந்து உட்காரக்கூட இடைவெளியில்லை.
கெர்னல் சலித்துப்போய் எழுதியது:
பதினாறாம் கம்பி, ஒருத்தரும் சட்டை செய்யவில்லை.
எழுதிய கையோடு கம்பியைத் தானே அணைத்துவிட்டது.

முதலாளி சலாவுதீன் டீயோடு வந்தார், இஞ்சி தூக்கல்.
மூணாறு தலைப்புல ஷட்டரை ஏத்தி இறக்குற மாதிரிதானேம்மா?
இல்லைங்க என்றேன்.
ஷட்டரை ஏற்றுகிறவருக்கு பீடி பற்றவைக்க நேரமிருக்கிறது.

நாலு மணி வாக்கில் கண்ணில் பட்டது.
வீட்டுக்காரன் முதலில் குரல் கொடுக்கிறான்.
பிறகுதான் நோட்டில் எழுதுகிறான், மூடியிருக்கிறது என்று.
நடுவில் மயிரிழை.
உள்ளிருப்பவன் வேறொரு கோரில், அன்றைக்கென்று சுறுசுறுப்பு,
எழுதுமுன்னே உம் சொல்லிவிடுகிறான்.
திறக்க வந்தவன் நோட்டைப் புரட்டுகிறான்,
மூடியதாக எழுத்தில்லை, திரும்பிப் போகிறான்.
அவன் முதுகுக்குப் பின்னால் மை விழுகிறது:
மூடியிருக்கிறது.
இனி உம் வராது.
சொல்லியாகிவிட்டதே.

யார்மேல் பிழை?
கூப்பிட்டவன் கூப்பிட்டான், சொன்னவன் சொன்னான்.
பல மாதமாக ராத்திரி ராத்திரி ஓடி
லட்சத்தில் ஒரு தரம் இடறியிருக்கிறது,
அதுவும் இருதயமேரியின் ஷிப்டில்.

இரண்டு வரியை இடம் மாற்றினேன்.
முதலில் எழுது, அப்புறம் கூப்பிடு.
இரண்டையும் சேர்த்து ஒரே பூட்டுக்குள் வைத்தேன்.
ஒன்பது மணி நேரத்துக்கு நாலு வரி,
பில்லில் எப்படிப் போடுவது என்று தெரியவில்லை.

இயந்திரம் கண் விழித்தது.
கறுப்பு ஒரு பக்கம் தெறித்தது, வெள்ளை கீழே கொட்டியது.
எண்ணிக்கை ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
இருபதாயிரம், முப்பதாயிரம்.
பக்கத்தில் நின்று இருதயமேரி என்னமோ சொன்னார்.
உம், என்றேன்.
திரும்பவும் சொன்னார்.
உம்.

கார்டாக இருந்தால் இந்த உம்முக்கு ஏமாறாது,
சொன்னதை வந்து எடுத்துக்கொள்ளும் வரை
கம்பியைப் பிடித்த பிடி விடாது.
இருதயமேரி மூன்றாம் முறை தோளைத் தொட்டார்.

மழைங்க. உங்க செருப்பு வெளியில.

எட்டிப் பார்த்தேன்.
இடது கால் செருப்பு மட்டும் படியில் தட்டி நின்றிருந்தது.
வலது, நெல் காயவைக்கும் களத்தைத் தாண்டி
வாய்க்கால் பக்கம் போய்க்கொண்டிருந்தது.